ஜூனில் போனவன், நவம்பரில் உள்ளூர்க்காரன்

சிஷோம், மின்னசோட்டா
மார்ச் 18

அன்புள்ள டேரிலுக்கு,

நான் நலம். நாய் நலம். கீழறையிலிருந்து வீட்டுக்குச் சூடு கொடுக்கிற உலைதான் நலமில்லை, விடிந்ததிலிருந்து இருமிக்கொண்டே இருக்கிறது. நீ இருந்தால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டியிருப்பாய். நானும் தட்டிப் பார்த்தேன், கை வலித்ததுதான் மிச்சம். நெவாடாவில் இப்போதே வெயில் அடிக்கிறதாமே, நன்றாக அடிக்கட்டும். இங்கே நேற்றும் பனி கொட்டியது.

போனில் சொல்லக்கூடியதை எதற்குக் கடிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் எவ்வளவு பனி என்று சொல்வேன், நீ எவ்வளவு தூசு என்று சொல்வாய், பிறகு இரண்டு பேரும் ஊம் கொட்டிவிட்டு வைத்துவிடுவோம். எப்படியும் ஜானிஸ் கேட்ட வரிக் காகிதங்களுக்காக உனக்கு ஒரு உறை அனுப்பியாக வேண்டும். தபால் செலவு ஒன்றுதானே, நாலு வார்த்தையும் சேர்ந்து போகட்டும்.

முதலில் உன் மீன்குடில், உறைந்த ஏரிமேல் உட்கார்ந்து மீன் பிடிக்க இந்தக் குளிர்காலமும் இழுத்துப்போய் வைத்தோமே, அதுதான். ஏரியிலிருந்து எடுத்துவிடக் கெடு முடிகிற சமயம், உன் தம்பி கெவின் வண்டியோடு வந்து நின்றான். அடிப்பலகை பனிக்கட்டியோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவன் கடப்பாரையால் நெம்ப, நான் தள்ள, அப்போது நான் சொன்ன வார்த்தைகள் பாஸ்டர் காதில் விழுந்திருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நற்கருணை கிடைத்திருக்காது. குடில் இப்போது கராஜுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. உள்ளே உன் பச்சைத் தொப்பி கிடந்தது. துவைத்து வைத்திருக்கிறேன்.

போன வசந்தத்தில் உங்கள் இரண்டு பேரையும் நிறுத்தின சுரங்கத்தில் கெவினுக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டது, உனக்குத் தெரிந்திருக்கும். இந்த மாத முதலிலிருந்து போகிறான். உனக்கு வர வேண்டிய அழைப்பு எங்கேயோ தபாலில் மாறிப்போயிருக்கும் என்று நினைக்கிறேன், நீ முகவரி மாற்றினாய் அல்லவா. ஒரு வார்த்தை ஆபீசில் கேட்டுப் பார். புதன்கிழமைதோறும் சர்ச்சில் தவக்கால சூப் போடுகிறார்கள். சூப் ஊற்றுகிறவள் தொடங்கித் தட்டுக் கழுவுகிறவர் வரைக்கும் ஒரே கேள்விதான்: "டேரில் எப்ப வரான்?" வருவான், வருவான் என்று சொல்லிச் சொல்லி என் சூப் ஆறிப்போகிறது.

இனி வரி விஷயம். வியாழக்கிழமை பள்ளிச் சமையலறையில் வேலை முடிந்ததும் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஜானிஸ் பெருஸ்ஸியிடம் போனேன். ஊரில் பாதிப் பேருக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுத்து, மீதிப் பாதிப் பேரின் வீட்டுக் கதையை இலவசமாகச் சொல்கிற அதே ஜானிஸ்தான், கொஞ்சம்கூட மாறவில்லை. உன் சம்பளச் சான்றுகள் இரண்டையும் மேசைமேல் வைத்தேன். ஒன்று இந்த ஊர்ச் சுரங்கம், ஒன்று நெவாடாவில் இருக்கிற சுரங்கம். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தாள். "ஏண்டி ரெனே, உன் புருஷன் எந்த ஊர்க்காரன்னு ரெண்டு பேரும் மொதல்ல முடிவு பண்ணுங்க. நம்பரெல்லாம் நான் அப்புறம் போட்டுக்கறேன்" என்றாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். நெவாடாவில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது, இங்கே உண்டு. வருஷத்து நடுவில் ஊர் மாறினவன், இங்கே இருந்த வரைக்கும் சம்பாதித்ததற்குக் கட்டினால் போதும். ஆனால் நிஜமாகவே மாறினவனாக இருக்க வேண்டும். வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வரப்போகிறவன் எத்தனை மாதம் வெளியில் இருந்தாலும் மின்னசோட்டாக்காரன்தானாம், அங்கே சம்பாதித்ததற்கும் இங்கே வரி கட்ட வேண்டுமாம். "வெளியூர் போறது வேற, ஊரை விட்டுப் போறது வேற. திரும்பி வர்ற எண்ணம் இருந்துச்சா இல்லியா, அதான் கேள்வி" என்றாள். எண்ணத்தைக்கூடவா படிவத்தில் கேட்பார்கள் என்றேன். படிவத்தில் தேதிதான் கேட்பார்கள், எண்ணம் அதற்குள்ளேயே வந்துவிடும் என்றாள்.

அங்கிருந்துதான் உனக்குப் போன் செய்தேன். நீ ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாய். "ஜூன்லயே போயிட்டேன்னு போட்டுடு ரெனே. மொத்தமா. இங்க எல்லாப் பயலும் அப்படித்தான் பண்றான்" என்றாய். சுவருக்கு என்ன பெயின்ட் என்று கேட்டால் வெள்ளையே அடி என்கிற மாதிரி சொன்னாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஜானிஸ் பென்சில் தேடுகிற பாவனையில் மேசைக்கடியில் குனிந்துகொண்டாள். வாய்தான் நீளம், மனசு நல்ல மனசு.

சரி, நாலு காசு மிச்சம் பிடிக்கத்தானே சொல்கிறாய், எனக்குப் புரியாமல் இல்லை. வரி குறைந்தால் இந்த இருமல்கார உலையை மாற்றலாம். ஜூன் என்றே போடச் சொல்லிவிட்டேன். உன் நெவாடா டிரைவிங் லைசென்ஸின் நகலும், அறை வாடகை ரசீதும் அனுப்பு. ஜானிஸ் துருவித் துருவிக் கேட்கிறாள்: வண்டியை எங்கே பதிந்திருக்கிறான், ஓட்டு எங்கே, நாய் எங்கே? நாய் எதற்கு என்றேன். "வரி ஆபீஸ்காரன் சந்தேகப்பட்டா மொதல்ல நாயைத்தான் கேப்பான். பொண்டாட்டிய விட்டுட்டுப் போறவன் உண்டு, நாயை விட்டுட்டுப் போறவன் கிடையாது" என்றாள். பிள்ளை இல்லாத வீட்டில் நாய்தான் சாட்சி போலிருக்கிறது. மூஸ் என் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிற விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

சாப்பாட்டை டப்பாவிலிருந்தே வழித்துத் தின்னாதே, தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடு. ஈரக் காலுறையோடு படுக்காதே. முடிந்தால் கூப்பிடு. தூசைப் பற்றியே பேசினாலும் பரவாயில்லை.

என்றும் உன்,
ரெனே


சிஷோம், மின்னசோட்டா
ஏப்ரல் 6

டேரில்,

உன் உறை வந்தது. லைசென்ஸ் நகல், ரசீது, செலவுக்குப் பணம், கூடவே ஒரு துண்டுச்சீட்டு: 'ஜூன் என்றே போடு. இங்கே எல்லாம் ஓகே.' வேறு ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். உறையைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தேன். சிரித்துக்கொள், எனக்கென்ன.

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து படி.

எல்லாம் ஒரு சாசேஜால் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று என்னை வைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். நீ அனுப்பிய காகிதங்களோடு ஜானிஸிடம் போனபோது, வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஃப்ரீசரில் இருந்த மான்கறி சாசேஜ் ஒன்றையும் எடுத்துப் போனேன். வருஷா வருஷம் கொடுக்கிறதுதானே. அவள் அங்கேயே வெட்டி, பிஸ்கட்டில் வைத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டாள். மிளகு அருமை, புகை அருமை என்று பாராட்டு வேறு. யார் சுட்ட மான் என்று கேட்டாள். "டேரில்தான், நவம்பர்ல வந்தப்ப. எட்டுக் கிளைக் கொம்பு!" என்று நானும் பெருமையாகச் சொன்னேன்.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது. "எந்த வேட்டை லைசென்ஸ்ல சுட்டான்?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. எப்போதும் எடுக்கிறதுதான், ஹார்டுவேர் கடையில் எடுத்தான் என்றேன். "உள்ளூர்க்காரன் லைசென்ஸா, வெளியூர்க்காரன் லைசென்ஸா?" என்றாள். அப்போதுதான் உறைத்தது. வெளியூர்க்காரன் லைசென்ஸ் ஐந்து மடங்கு விலை. நீ எதை எடுத்திருப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிடி?" என்று பிடித்துக்கொண்டாள். "ஜூன்லயே ஊரை விட்டுத் தொலைஞ்சவன், நவம்பர்ல உள்ளூர்க்காரன்னு சொல்லி மான் சுட்டிருக்கான். ரெண்டுல ஒண்ணு பொய். நான் கணக்கு எழுதறவ, கதை எழுதறவ இல்ல. இதுல அவன் கையெழுத்து மட்டுமில்ல, உன் கையெழுத்தும் விழணும். எது பொய்னு அவனைக் கேட்டுட்டு வா." சொல்லிவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள். சாட்சியத்தைத் தின்றே தீர்த்துவிடலாம் என்று பார்த்தாளோ என்னவோ.

உனக்கு ஒன்று தெரியுமா? நான் பயந்து போகவில்லை. காரில் வந்து உட்கார்ந்து சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம். கடைக்காரர் கேட்டபோது என் புருஷன் 'மின்னசோட்டாக்காரன்' என்று சொல்லியிருக்கிறானே! அது போதும் எனக்கு. படிவத்தில் என்ன எழுதினால் என்ன, அது காசுக்காக எழுதுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கெவின் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு அவன் உன்னோடு கடையில் நின்றவன்தானே. அவன் மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கேட்டேன். "அட, கடைக்காரரு வழக்கம் போலத்தானேன்னு கேட்டாரு, இவன் ஆமான்னான். அவ்ளோதான் அண்ணி. யோசிச்செல்லாம் சொல்லல" என்றான். யோசிக்காமல் வருகிறதுதானே உண்மை என்றேன். அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

அந்த பூட்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றேன், டேரில். சுரங்கத்து பூட்ஸ். சுரங்கத்தில் திரும்பக் கூப்பிடுவது வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி. அவன் உனக்கு இரண்டு வருஷம் பின்னால் சேர்ந்தவன். நீ வேண்டாம் என்று சொல்லாமல் அவனுக்கு அழைப்பு போகாது. இது இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். "உனக்கு முன்னாடி டேரிலைக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டேன். "என்னக் கேக்காதீங்க அண்ணி. அவனைக் கேளுங்க" என்றான். அவன் கண் கலங்கிவிட்டது. அவனை நான் குற்றம் சொல்லவில்லை.

எனக்கு மார்ச்சிலேயே தெரியும். தபாலில் மாறிப்போயிருக்கும் என்று உனக்கு எழுதினேனே, எழுதும்போதே தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு சூப் குடித்தேன், குடிலை இழுத்தேன், தொப்பியைத் துவைத்தேன்.

நவம்பரையும் சொல்லிவிடுகிறேன். நீ வந்த அன்றைக்குப் பின்கதவைத் தட்டினாய். அந்தக் கதவை நீ என்றைக்குத் தட்டியிருக்கிறாய்? அது அடியில் மாட்டிக்கொள்ளும், பூட்ஸ் காலால் ஒரு உதை விட்டு உள்ளே வருவாய், நான் அடுப்படியிலிருந்து கதவு பாவம் என்று கத்துவேன். அன்றைக்குத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றாய். யாரோ பைபிள் விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சனிக்கிழமை சவுனா நீராவி அறையில் வியர்த்துக் குளித்துவிட்டு வந்து, துண்டை மடித்து நாற்காலியில் வைத்தாய். கல்யாணமான நாளிலிருந்து தரையில் போட்டவன் மடித்து வைத்தால் பெண்டாட்டிக்குத் தூக்கம் போய்விடும் என்று உனக்குத் தெரியவில்லை. கிளம்புகிற அன்றைக்குக் கதவைக் கழற்றி, அடியை இழைத்து, திரும்ப மாட்டினாய். "இனிமே உனக்குச் சிரமம் இருக்காது" என்றாய். நான் நன்றி சொன்னேன். புருஷனுக்கு நன்றி சொன்னபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்கக் கூடாது என்று இருந்தேன். கேட்கிறேன். இருக்கிறார்களா? இல்லை, இந்த ஊர்ச் சுரங்கம்தான் காரணமா? மூன்று தடவை உன்னை வெளியே தள்ளினார்கள். போன வசந்தத்தில் வெடி வைக்கிற சத்தம் நின்றுபோனபோது நீ ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நாலாவது தடவைக்கு நான் ஆள் இல்லை என்று நீ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அது நியாயம். சுரங்கத்துக்காரன் கூப்பிட்டதும் ஓடி வர நீ ஒன்றும் மூஸ் இல்லை. ஆனால் அதுதான் காரணம் என்றால், "நீயும் இங்க வந்துரு ரெனே" என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாமே! வந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. அந்த ஊரில் ஏரி கிடையாது, மரம் கிடையாது, நான் முகம் சுளித்திருப்பேன், ஒரு வாரம் சண்டை போட்டிருப்பேன். சண்டை போடவாவது கூப்பிட்டிருக்கலாம். நீ கூப்பிடவில்லை. அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

இனிக் காகிதம். ஜானிஸ் கணக்கை இரண்டு விதமாக அடித்துக் கொடுத்திருக்கிறாள், இரண்டையும் இதோடு அனுப்புகிறேன். வெள்ளை உறையில் இருப்பது, நீ ஜூனில் மின்னசோட்டாவை விட்டே போனவன் என்கிறது. அதில் நமக்குக் கொஞ்சம் பணம் திரும்பி வரும். பழுப்பு உறையில் இருப்பது, நீ வருஷம் முழுக்க இந்த ஊர்க்காரன், வேலைக்காக வெளியே போயிருக்கிறாய் என்கிறது. அதில் நாம் கட்ட வேண்டும். தொகையைப் பார்த்து ஜானிஸே உச்சுக் கொட்டினாள். தவணையில் கட்டலாமாம். பள்ளி மூடினதும் ஏரிக்கரை விடுதியில் சமைக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், பார்த்துக்கொள்கிறேன். உலை இன்னொரு குளிர்காலம் இருமட்டும். உன் மீன்குடிலை விற்க மாட்டேன், பயப்படாதே.

பழுப்பில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வரி கட்ட இவ்வளவு ஆசைப்படுகிற ஒருத்தியை இந்த மாநிலம் பார்த்திருக்காது.

வெள்ளையில் போட எனக்குக் கை வரவில்லை. இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று உறுதி சொல்லிப் போடுகிற கையெழுத்து அது. ஜூனில் "ஆறு மாசம்தான் ரெனே" என்று சொல்லி, மூஸின் காதைத் தடவிவிட்டு வண்டியை எடுத்தாய். அப்போதே திரும்பி வருகிற எண்ணம் இல்லாமல்தான் போனாய் என்று நான் எப்படி உறுதி சொல்வேன்? அப்போது எண்ணம் இருந்து, பிறகு மாறியது என்றால், அது என்றைக்கு? கதவைத் தட்டிய அன்றைக்கா? சுரங்கத்தில் கூப்பிட்ட அன்றைக்கா? ஊரை விட்ட தேதி என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. வரி ஆபீசைவிட எனக்குத்தான் அந்தத் தேதி தெரிய வேண்டும்.

ஜானிஸ் அக்டோபர் வரைக்கும் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறாள். வரிக்கு எடுத்துக்கொள்ளலாம். என்னால் அத்தனை நாள் சூப் குடித்துக்கொண்டிருக்க முடியாது.

பழுப்புதான் உண்மை என்றால் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு வா. வெள்ளைதான் உண்மை என்றால், தயவுசெய்து அதைத் தபாலில் போடாதே. அதையும் எடுத்துக்கொண்டு வா. என் எதிரில் உட்கார்ந்து வாயால் சொல். நான் கத்துவேன், எதையாவது எடுத்து வீசுவேன், பிறகு கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் வேண்டிய காகிதங்களை எழுத வக்கீல் இருக்கிறார், பாவம், ஜானிஸை விட்டுவிடலாம். ஒரு படிவத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்ளும்படி மட்டும் செய்துவிடாதே.

ஏரியில் பனிக்கட்டி கறுக்க ஆரம்பித்துவிட்டது. கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. மூஸ் உடம்பெல்லாம் சேறாக வந்து நீ படுக்கிற பக்கத்தில் ஏறிப் படுத்துக்கொள்கிறது, நானும் விரட்டுவதில்லை. ஈரத்தில் பின்கதவு ஊதிவிட்டது, பழையபடி அடியில் மாட்டிக்கொள்கிறது. நீ இழைத்தது குளிர்காலத்துக்குத்தான் தாங்கியது. கெவின் சரி பண்ணித் தருகிறேன் என்றான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சுரங்கத்துக்குள்ளும் சாலையிலும் கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். இரண்டில் எந்த உறையோடு வந்தாலும் வா. ஆனால் தட்டாதே டேரில், தட்டினால் திறக்க மாட்டேன். உதைத்துக்கொண்டு வா.

ரெனே